காலில் விழுந்து முத்தமிட்டால் போதுமா? அரசியலில் பணிவிடைத் தலைமை என்பதைக் கிறிஸ்தவம் எப்படிப் புரிந்துகொள்கிறது

2019 ஏப்ரல் 11. தென் சூடான் தலைவர்களுக்காக வத்திக்கானில் நடந்த இரண்டு நாள் தியானக் கூடுகை முடியும் நேரம். 82 வயதான போப் பிரான்சிஸ், உதவியாளர்கள் தாங்கிப் பிடிக்க, தரையில் முழங்காலிட்டு அதிபர் சல்வா கீரின் காலணிகளை முத்தமிட்டார். அப்புறம் கீரோடு போரிட்ட ரியெக் மச்சாரின் காலணிகளை. கூட இருந்த மற்றத் தலைவர்களின் காலடியிலும் அதே போலக் குனிந்தார். சமாதானத்தில் நிலைத்திருங்கள் என்பதே அவர் வைத்த வேண்டுகோள்.

தென் சூடான் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு. கீர் கத்தோலிக்கர், மச்சார் பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்தவர். 2011 ஜூலை 9-ல் பிறந்த அந்த நாடு, 2013 டிசம்பரில் இந்த இருவரின் பகையால் உள்நாட்டுப் போரில் விழுந்தது. பசியும் நோயும் சேர்த்து ஏறத்தாழ 4 லட்சம் பேர் இறந்தார்கள் என்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

முத்தத்துக்குப் பிறகு என்ன நடந்தது? 2020 பிப்ரவரியில் இருவரும் சேர்ந்து அரசு அமைத்தார்கள். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் 2025 மார்ச்சில் மச்சார் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். செப்டம்பரில் அவர்மேல் கொலை, தேசத் துரோகக் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. சுதந்திரம் அடைந்ததிலிருந்து அந்த நாடு ஒரு பொதுத்தேர்தலைக்கூடப் பார்த்ததில்லை. 2024 டிசம்பரில் நடக்க வேண்டியதையும் 2026 டிசம்பருக்குத் தள்ளிவைத்தார்கள்.

இதைப் பார்க்கும் பலருக்கும் ஒரு குழப்பம் வருகிறது. தலைவன் ஊழியனாக இருக்க வேண்டும் என்ற போதனை அரசியலில் எதையாவது மாற்றுமா, அல்லது அது மனதை உருக்கும் காட்சியோடு நின்றுவிடுமா? இதற்குப் பதில் தேடுமுன், அந்தப் போதனை உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். நாம் வழக்கமாக நினைப்பதைவிட அது கறாரானது.

சொல்லிலிருந்து தொடங்கலாம்

பணிவிடைத் தலைமை என்ற கருத்து இன்று நிர்வாகவியல் வகுப்புகளிலும் பாடமாக இருக்கிறது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி-யில் நெடுங்காலம் வேலை பார்த்த ராபர்ட் கிரீன்லீஃப் 1970-ல் எழுதிய ஒரு கட்டுரை வழியாக அந்தப் பெயர் பரவியது. கிறிஸ்தவர்களுக்கு அதன் வேர் இன்னும் பழையது. 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போப் ஆன முதலாம் கிரிகோரி, தம்மைத் 'தேவனுடைய ஊழியர்களுக்கு ஊழியன்' என்று எழுதிக்கொண்டார். ஆங்கிலத்தில் மந்திரியைக் குறிக்கும் 'மினிஸ்டர்' என்ற சொல்லுக்கே லத்தீனில் வேலைக்காரன் என்றுதான் பொருள்.

தமிழில் இந்தச் சொற்கள் போன வழி கவனிக்க வேண்டியது. தொண்டர் என்பது நம் மரபில் மிக உயர்ந்த பெயர். இன்றைய அரசியலில் 'தொண்டர்' என்றால் கட்சிக்காரர். அவருடைய தொண்டு மேல்நோக்கிப் போகிறது, தலைவரை நோக்கி. 'ஊழியம்' திருச்சபைக்குள் வேறொரு பாதையில் போனது. ஊழியக்காரர் என்றால் மேடையில் நடுநாற்காலியில் உட்காருபவர், மாலை வாங்குபவர் என்று ஆகிவிட்டது. ஆக, பணி செய்பவனைக் குறித்த இரண்டு சொற்களில் ஒன்று தலைவனுக்குப் பணி செய்பவனுக்குப் போனது, இன்னொன்று பணி வாங்குபவருக்கே பட்டமானது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இரண்டு சொற்கள் வருகின்றன. 'டியாகோனோஸ்' என்பவர் பந்தியில் பரிமாறுகிறவர், ஏவிய வேலையைச் செய்கிறவர். 'டூலோஸ்' என்றால் அடிமை. சந்தையில் விலைக்கு வாங்கப்பட்டவர். மாற்கு 10-ஆம் அதிகாரத்தில் இயேசு இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்கிறார்: பெரியவனாக விரும்புகிறவன் பரிமாறுகிறவனாக இருக்கட்டும், முதலாவதாக விரும்புகிறவன் எல்லாருக்கும் அடிமையாக இருக்கட்டும். நம் பழைய தமிழ் வேதாகமம் இரண்டாவது சொல்லை 'ஊழியக்காரன்' என்று சற்று மென்மையாக்கிவிட்டது. அன்று கேட்டவர்களுக்கு அந்த வார்த்தை சுருக்கென்று குத்தியிருக்கும்.

இரண்டு நாற்காலிகளுக்கான மனு

அந்தப் பேச்சு எப்படி வந்தது என்பதுதான் முக்கியம். எருசலேமை நோக்கிப் போகும் வழியில் யாக்கோபும் யோவானும் இயேசுவிடம் வருகிறார்கள். நீர் ஆட்சிக்கு வரும்போது எங்களில் ஒருவன் வலது பக்கமும் ஒருவன் இடது பக்கமும் உட்கார வேண்டும் என்று கேட்கிறார்கள். இன்றைய பேச்சில் சொன்னால், மந்திரிசபையில் முதல் இரண்டு இடம். இதைக் கேட்டு மற்றப் பத்துப் பேரும் எரிச்சல் அடைகிறார்கள். அவர்களுக்கும் அந்த நாற்காலிகள் மேல் கண் இருந்தது என்றுதான் அதைப் படிக்க முடிகிறது.

இயேசுவின் பதில் அரசியலிலிருந்தே தொடங்குகிறது. புறஜாதிகளின் அதிபதிகள் மக்களை எப்படி இறுமாப்பாய் ஆளுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும், உங்களுக்குள் அப்படி இருக்கக் கூடாது என்கிறார். ரோமர்களின் கீழே, ஏரோதின் குடும்பத்தின் கீழே வாழ்ந்தவர்களிடம் இதைச் சொல்கிறார். 'இது சபைக்குள் பழகுவதற்கான அறிவுரை, நாட்டு ஆட்சிக்குப் பொருந்தாது' என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் அவர் எடுத்த எதிர் உதாரணமே நாட்டு ஆட்சிதான்.

லூக்கா 22-ல் இதே பேச்சில் இன்னொரு வரி வருகிறது. அந்த அதிகாரிகள் 'உபகாரிகள்' என்று அழைக்கப்படுகிறார்கள் என்கிறார் இயேசு. இது வெறும் வருணனை இல்லை, அந்தக் காலத்து அரசர்கள் சூட்டிக்கொண்ட பட்டம். எகிப்தை ஆண்ட மூன்றாம் தாலமிக்கு 'யூயெர்கெட்டீஸ்', அதாவது உபகாரி, என்பதே அடைமொழி. மக்களிடம் வாங்கிய வரியிலிருந்து ஒரு பங்கை மக்களுக்கே கொடுத்து, அதைத் தன் தாராளம் என்று கல்வெட்டில் பொறிப்பது அந்த ஆட்சிமுறையின் அங்கம்.

வள்ளல் என்ற பட்டத்துக்குப் பழகிய நமக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. அரசுப் பணத்தில் வாங்கிய பொருளின் மேல் ஒரு தலைவரின் படம் ஏறும்போது, உரிமையாக வர வேண்டியது தயவாக மாறுகிறது. வாங்குகிறவர் நன்றிக்கடன் பட்டவர் ஆகிறார். பரிமாறுகிறவனுக்கு அந்த உரிமை கிடையாது. சோறு அவனுடையது இல்லை என்று அவனுக்கும் தெரியும், பந்தியில் இருப்பவர்களுக்கும் தெரியும். என் பார்வையில் இந்த விஷயத்தின் மையமே இங்கேதான் இருக்கிறது. தலைவர் அன்பானவரா, எளிமையானவரா என்பது இரண்டாவது கேள்வி. அவர் கையில் இருப்பது யாருடையது என்பதுதான் முதல் கேள்வி.

பாதம் கழுவிய பேரரசர்கள்

யோவான் 13-ல் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். அந்த நிகழ்வைப் பெரிய வியாழன் அன்று, அதாவது புனித வெள்ளிக்கு முந்தின நாள், அரசர்களும் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசப் ஆண்டுதோறும் 12 ஏழை முதியவர்களை அரண்மனைக்கு வரவழைத்துக் கால் கழுவினார். இங்கிலாந்து அரசர்களும் ஒரு காலத்தில் கழுவினார்கள். பிற்பாடு அது காசு கொடுப்பதாக மாறியது. அரசரின் வயது எத்தனையோ அத்தனை ஆண்களுக்கும் அத்தனை பெண்களுக்கும் இன்றும் 'மாண்டி' நாணயம் வழங்கப்படுகிறது.

இந்த அரசர்கள் நடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பலர் உண்மையான பக்தியோடு செய்திருப்பார்கள். ஆனால் மறுநாள் காலையில் யார் வரி கட்டினார், யார் போருக்குப் போனார், யாருக்கு நிலம் இருந்தது என்பதில் எந்த மாற்றமும் இல்லை. சடங்கில் அதிகாரம் ஒரு மணி நேரம் குனிந்தது, அவ்வளவுதான்.

பழைய ஏற்பாட்டில் இந்த ஒரு நாள் பணிவுக்கு ஒரு கதையே இருக்கிறது. சாலொமோன் இறந்தபின் மக்கள் அவன் மகன் ரெகொபெயாமிடம் வந்து, உம் தகப்பன் வைத்த நுகம் பாரமாக இருக்கிறது, குறைத்துவிடும் என்கிறார்கள். முதியோர் அவனுக்குச் சொன்ன ஆலோசனை 1 இராஜாக்கள் 12-ல் இருக்கிறது: நீர் இன்று இவர்களுக்குச் சேவகனாக இருந்தால், இவர்கள் என்றும் உமக்குச் சேவகராக இருப்பார்கள். பிரசங்கங்களில் இது நல்ல ஆலோசனையாகவே பேசப்படும். இளைஞர்கள் சொன்ன ஆலோசனையோடு ஒப்பிட்டால் நல்லதுதான். அவர்கள் பேச்சைக் கேட்டு, என் தகப்பன் சவுக்கால் அடித்தான், நான் தேள்களால் தண்டிப்பேன் என்று சொல்லி ரெகொபெயாம் பத்துக் கோத்திரங்களை இழந்தான். ஆனாலும் முதியோரின் கணக்கை உற்றுப் பாருங்கள். இன்று ஒரு நாள் நீ சேவகன், அதன்பின் என்றென்றும் அவர்கள். தேர்தல் காலத்துக் கும்பிடு இதே கணக்கில்தான் போடப்படுகிறது. இயேசு சொன்னதில் இந்த 'இன்று' இல்லை.

வேதம் வைக்கும் அளவுகோல்கள்

அப்படியானால் உண்மையான பணிவிடையை எப்படி அடையாளம் காண்பது? மனதைத் திறந்து பார்க்க யாராலும் முடியாது. வேதாகமமும் ஆட்சியாளர்களைப் பற்றிப் பேசும்போது மனநிலையைவிட வெளியே தெரியும் காரியங்களையே அதிகம் கேட்கிறது.

1. பதவியால் வருவதை எடுத்துக்கொள்கிறாரா? இதற்குச் சிறந்த சான்று நெகேமியா. பாரசீக அரசன் அர்தசஷ்டாவின் கீழ் யூதாவுக்கு 12 ஆண்டுகள் அதிபதியாக இருந்தார். முந்தைய அதிபதிகள் மக்களிடம் அப்பமும் திராட்சரசமும், அவற்றோடு 40 சேக்கல் வெள்ளியும் வாங்கினார்கள். அவர்களுடைய வேலைக்காரர்களும் மக்கள்மேல் அதிகாரம் செலுத்தினார்கள். நெகேமியாவின் பந்தியில் தினமும் 150 பேர் சாப்பிட்டார்கள். சட்டப்படி அவருக்கு உரிய படியை அவர் கேட்கவில்லை. மக்கள்மேல் இருந்த பாரம் கடினமாக இருந்தது என்று காரணம் எழுதி வைத்திருக்கிறார். நிலம் எதுவும் வாங்கவில்லை என்றும் குறிப்பிடுகிறார். பஞ்ச காலத்தில் நிலம் சல்லிசாகக் கிடைத்திருக்கும், அவருக்குத்தான் முதலில் தெரிந்தும் இருக்கும். அதோடு அவர் நிற்கவில்லை. தானியத்துக்காக வயலையும் வீட்டையும் அடமானம் வைத்து, பிள்ளைகளை அடிமைகளாக்க நேர்ந்த ஏழைகள் கூக்குரலிட்டபோது, கடன் கொடுத்த பிரபுக்களைச் சபை கூட்டிக் கண்டித்து, நிலங்களைத் திருப்பிக் கொடுக்கச் சத்தியம் வாங்கினார். பணிவிடைத் தலைவர் என்றால் யாரையும் கடிந்து பேசாதவர் என்ற எண்ணத்துக்கு இந்த அதிகாரம் (நெகேமியா 5) நல்ல மறுப்பு.

2. சட்டம் அவருக்கும் மேலே இருக்கிறதா? உபாகமம் 17, ராஜாவுக்கு வரம்பு கட்டுகிறது. குதிரைகளைப் பெருக்கக் கூடாது, அதாவது படை. மனைவிகளைப் பெருக்கக் கூடாது; அக்காலத்தில் அது பெரும்பாலும் அரசியல் கூட்டணி. வெள்ளியும் பொன்னும் பெருக்கக் கூடாது. நியாயப்பிரமாணத்தின் பிரதி ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு தினமும் வாசிக்க வேண்டும். தன் சகோதரர்மேல் அவன் இருதயம் மேட்டிமை கொள்ளாதிருக்க என்று நோக்கமும் சொல்லப்படுகிறது.

3. கணக்கு கேட்க முடியுமா? இஸ்ரவேலை வழிநடத்திய சாமுவேல் முதிர்வயதில் மக்கள் முன் நின்று, நான் யாருடைய எருதை எடுத்தேன், யாரிடம் பரிதானம் வாங்கினேன், சாட்சி சொல்லுங்கள் என்கிறார். ஒன்றும் இல்லை என்று மக்கள் சொல்கிறார்கள். ஆனால் அவர் நியாயாதிபதிகளாக வைத்த சொந்த மகன்கள் லஞ்சம் வாங்கினார்கள் என்பதையும் அதே புத்தகம் மறைக்கவில்லை. தலைவர் சுத்தமாக இருப்பது போதாது, வீட்டுக்கும் கணக்கு உண்டு.

4. பலவீனரைக் காக்கிறாரா? எசேக்கியேல் 34-ல் மேய்ப்பர்கள் ஆடுகளை மேய்க்காமல் தங்களையே மேய்த்தார்கள் என்ற குற்றச்சாட்டு எல்லாருக்கும் தெரியும். கொஞ்சம் தள்ளி, கொழுத்த ஆடுகள் பலவீனமானவற்றை முட்டித் தள்ளுவதைப் பற்றியும் வருகிறது. மேய்ப்பன் நடுவே வந்து நிறுத்த வேண்டும். பெரும்பான்மைக்கு மட்டும் ஊழியனாக இருப்பது சுலபம்.

5. இறங்கத் தெரியுமா? இதைத் தனியாகப் பார்க்கலாம்.

நியெரேரே: வெளிச்சமும் நிழலும்

20-ஆம் நூற்றாண்டில் இந்தக் கேள்விகளை ஒரு நாட்டின் ஆட்சியில் வைத்துப் பார்க்க, தான்சானியாவின் ஜூலியஸ் நியெரேரேவைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை. பள்ளி ஆசிரியர், பக்தியுள்ள கத்தோலிக்கர். மக்கள் அவரை 'ம்வாலிமு', ஆசிரியர், என்றே அழைத்தார்கள். அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்துவதற்கான விசாரணையை 2005-ல் முசோமா மறைமாவட்டம் தொடங்கியது.

1966-ல் தேசிய சேவைத் திட்டத்தை எதிர்த்துப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலம் வந்தார்கள். அவர்களுடைய வாதத்தில் ஆட்சியாளர்களின் சம்பளமும் வந்தது. நியெரேரே அங்கேயே தன் சம்பளத்தை 20 சதவீதம் குறைத்தார். அதே மூச்சில் அந்த மாணவர்களைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றினார். அவருடைய முழு உருவமும் அந்த ஒரு நாளில் தெரிகிறது.

மறு ஆண்டு வந்த அருஷா பிரகடனம் தலைவர்களுக்கு எழுத்தில் விதிகள் வைத்தது. கட்சியிலோ அரசிலோ தலைமைப் பொறுப்பில் இருப்பவர் கம்பெனிப் பங்கு வைத்திருக்கக் கூடாது, தனியார் நிறுவன இயக்குநராக இருக்கக் கூடாது, இரண்டு சம்பளம் வாங்கக் கூடாது, வீட்டை வாடகைக்கு விடக் கூடாது. நெகேமியாவின் சொந்தக் கட்டுப்பாடு இங்கே எல்லாத் தலைவர்களுக்கும் பொதுவான விதியாகிறது. தலைவரின் நற்குணத்தை நம்பி இருக்காமல், விதியாக எழுதிவைத்ததை நான் பெரிதாக நினைக்கிறேன்.

நிழல் பக்கமும் சொல்லியாக வேண்டும். 1965-லிருந்து தான்சானியா ஒரே கட்சி நாடு. விசாரணை இல்லாமல் சிறை வைக்கும் சட்டம் பயன்படுத்தப்பட்டது. 1973 முதல் 1976 வரை, சிதறி வாழ்ந்த கிராமத்தார் லட்சக்கணக்கில் புதிய கூட்டுக் கிராமங்களுக்குக் கட்டாயமாக மாற்றப்பட்டார்கள். வர மறுத்தவர்களின் வீடுகள் சில இடங்களில் எரிக்கப்பட்டன. நோக்கம் நல்லது. பள்ளி, மருந்தகம், குடிநீர் எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்பது. எழுத்தறிவும் பெரிதாக உயர்ந்தது. ஆனால் தங்கள் மண்ணை அறிந்த விவசாயிகளை யாரும் கேட்கவில்லை. விளைச்சல் அடி வாங்கியது.

எஜமானுக்கு என்ன வேண்டும் என்று கேட்காமலே தீர்மானிக்கிற வேலைக்காரன் எவ்வளவு நேர்மையானவனாக இருந்தாலும், ஒரு கட்டத்தில் அவனே எஜமான் ஆகிவிடுகிறான். நல்ல தலைவர்களுக்கு வரும் சோதனை இது. திருடுகிறவருக்கு மனசாட்சியாவது குத்தும். மக்களின் நன்மைக்காகத்தான் செய்கிறேன் என்று நம்புகிறவரை எதுவும் தடுக்காது.

ஆனாலும் 1985-ல் நியெரேரே அதிபர் பதவியைத் தானாகவே விட்டார். சான்சிபாரைச் சேர்ந்த முஸ்லிமான அலி ஹசன் ம்வின்யி பதவிக்கு வந்தார். அந்தக் காலத்து ஆப்பிரிக்காவில் கலகமோ மரணமோ இல்லாமல் அதிபர் மாறியது அபூர்வம். கட்சித் தலைமையை மட்டும் 1990 வரை வைத்திருந்தார். அதே ஆண்டில், ஒரே கட்சி முறையையும் விவாதத்துக்கு உட்படுத்தலாம் என்று அவரே பேசினார்.

பதவியை மக்களிடமே திருப்பிக் கொடுத்தவர்

இறங்குவதற்கு இன்னொரு வடிவத்தை ஈழத்தில் பார்க்கலாம். இலங்கைத் தமிழர்களின் அரசியல் தலைவராக இருந்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர். இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் காங்கேசன்துறைத் தொகுதியில் 1952-ல் தோற்றார், 1956-லிருந்து தொடர்ந்து வென்றார். 1972-ல் வந்த புதிய அரசியலமைப்பைத் தமிழர்கள் ஏற்கிறார்களா என்று மக்களே சொல்லட்டும் என்று தன் நாடாளுமன்ற இடத்தைத் துறந்தார். இடைத்தேர்தலை அரசு 1975 பிப்ரவரி வரை இழுத்தடித்தது. பார்கின்சன் நோயோடு, நலிந்த குரலோடு நின்றவரை மக்கள் பெரும் வாக்கு வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தார்கள். அவருடைய அரசியல் முடிவுகள் பற்றி இன்றும் வாதங்கள் உண்டு. ஆனால் கையில் இருந்த இடத்தை, யாரும் கேட்காமலே, கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொண்டுபோய் வைத்தார்.

போதனை தவறாகப் போகும் இரண்டு இடங்கள்

முதலாவது ரோமர் 13. அதிகாரியைத் 'தேவ ஊழியக்காரன்' என்று பவுல் சொல்கிறார். தேவனே நியமித்தவரைக் கேள்வி கேட்கலாமா என்று இந்த வசனத்தைக் காட்டி வாயடைத்தவர்கள் சரித்திரம் நெடுக உண்டு. அதே வசனம் 'உனக்கு நன்மை உண்டாகும்படி' என்று நோக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஊழியக்காரன் என்றாலே அவனுக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது, செய்தானா என்று கேட்கவும் படுவான்.

இரண்டாவது இன்னும் கொடியது. இந்தப் போதனையை அதிகாரம் இல்லாதவர்களுக்குப் பிரசங்கிப்பது. தலைமுறை தலைமுறையாகப் பிறர் காலடியில் வேலை செய்யவைக்கப்பட்ட தலித் மக்களிடம், வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடும் பெண்களிடம், தாழ்மையாக இருங்கள் என்று போதிப்பது சுவிசேஷம் அல்ல. இயேசு இதைச் சொன்னது நாற்காலி கேட்டு வந்தவர்களிடம். வாங்கிக்கொள்ள வேண்டியவர்களும் அவர்கள்தான்.

சபைக்குள் இருந்து தொடங்கினால்

அரசியல்வாதிகளுக்கு இதைச் சொல்லுமுன் திருச்சபை தன்னையே பார்க்க வேண்டியிருக்கிறது. நம் சபைகளின் நிர்வாகத் தேர்தல்களில் அணி பிரிவதும், சாதி பார்ப்பதும், பணம் புழங்குவதும், பிறகு வழக்கு நீதிமன்றம் போவதும் யாருக்கும் புதிய செய்தி இல்லை. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, நிலம் என்று சொத்து இருக்கும் இடத்தில் அதிகாரம் இருக்கும். அதனால் இங்கேயும் அரசுக்கு வைத்த அதே கேள்விகளைத்தான் வைக்க வேண்டும். பொறுப்பில் இருப்பவர் எத்தனை முறை தொடரலாம் என்று விதி இருக்கிறதா? ஆண்டுக் கணக்கு, காணிக்கை போட்ட விதவை படிக்கும்படி, சபை வாசலில் ஒட்டப்படுகிறதா? பள்ளி வேலை நியமனத்தில் யார் வீட்டுப் பிள்ளைகள் உள்ளே போனார்கள்? பெரிய வியாழன் அன்று கால் கழுவும் கைகளே மறுநாள் இந்த நியமனக் கடிதங்களிலும் கையெழுத்துப் போடுகின்றன. நெகேமியா தனக்கு உரிய படியை விட்டதையும், அதற்கான காரணத்தையும், எத்தனை பேர் தன் பந்தியில் சாப்பிட்டார்கள் என்ற எண்ணிக்கையையும் சேர்த்து எழுதிவைத்தார்.